சொந்த உபயோகம்

நான் ஓட்டுவதில்லை.
ஓட்டுகிறவர்களைப் படிக்கிறேன்.
கிரீன் பே நகரில், இரண்டாம் மாடியில்,
ஹீட்டர் ஓயாமல் முனகும் மூலையில் என் மேசை.
கம்பெனியின் நூற்றுப் பதினாறு லாரிகளும்
என் திரையில் கடுகளவுப் புள்ளிகள்.

ஓட்டம், வேலை, படுக்கை, ஓய்வு:
ஒரு மனிதனின் நாளுக்கு நான்கே கோடுகள்.
பதினோரு மணி நேரம் ஓட்டலாம்.
அதற்கு மேல் சக்கரம் உருண்டால்
கோடு சிவந்து என்னைக் கூப்பிடும்.

ஆனால் ஒரு பொத்தான் இருக்கிறது.
'சொந்த உபயோகம்.'
அழுத்திய நொடியில்
அதே லாரி, அதே டீசல், அதே பதினெட்டுச் சக்கரம்
ஓட்டுநரின் செருப்பு மாதிரி ஆகிவிடும்.
போட்டுக்கொண்டு சாப்பிடப் போகலாம்.
துணி துவைக்கப் போகலாம்.
சரக்கு இறக்கிய கிடங்கில் காவலாளி விரட்டினால்
பக்கத்தில் பத்திரமான இடம் தேடிப் போகலாம்.
நாளைய சரக்கை நெருங்க மட்டும் போகக் கூடாது.
அப்போது அது செருப்பு இல்லை,
மறுபடியும் லாரி.

மார்ச் பத்தொன்பது.
வண்டி எண் 6127, டெல்மர் ஆஸ்ட்விக்.
நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில்
நாய்த் தீனி இறக்கி முடிக்க விடிகாலை நாலே முக்கால்.
ஐந்து பத்துக்குப் பொத்தான்.
மேற்கே இருபத்திரண்டு மைல்.
ஆற்றோரம் ஒரு சரளைத் திடலில் நின்ற புள்ளி
மாலைவரை அசையவே இல்லை.
அடுத்த சரக்கு எங்கே என்று பார்த்தேன்.
கியர்னி.
அதுவும் மேற்கே.

போன் போட்டேன்.
"எதுக்குப் போனீங்க?"
"கொக்கு பார்க்க."
"என்ன?"
"கொக்கும்மா. சாம்பல் கொக்கு.
பிளாட் ஆத்துல ராத்திரி நின்னபடியே தூங்கும்.
விடியும்போது மொத்தமா எழும்பும்.
முப்பத்தோரு வருஷமா அந்தப் பக்கம்
அறுபத்தஞ்சு மைல் வேகத்துலதான் போயிருக்கேன்."

சாப்பிடப் போனவனிடம் பில் இருக்கும்.
துவைக்கப் போனவனிடம்
ஈரத் துணியாவது இருக்கும்.
கொக்கிடம் யார் ரசீது கேட்பது?

"பார்த்துட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருந்தா
தப்பே இல்லை," என்றேன்.
"இருபத்திரண்டு மைல் பின்னால போய்,
தூங்கி எழுந்து,
அதே இருபத்திரண்டு மைல் முன்னால வரணுமா?"
"ஆமாம்."
"டீசல் யாருது?"
நான் பதில் சொல்லவில்லை.
மறுமுனையில் பொட்டலம் பிரிக்கும் சத்தம்.
ஏதோ மென்றுகொண்டே காத்திருந்தார்.

விதி கேட்பது தூரத்தை அல்ல,
எதற்காகப் போனாய் என்பதை.
என் படிவத்தில் மைலுக்குக் கட்டம் உண்டு,
நிமிடத்துக்கு உண்டு,
மனசுக்கு இல்லை.
அவர் கொக்குக்காகப் போனார் என்று நம்பினேன்.
மேற்கே போனது கம்பெனிக்கும் வசதி என்பதும்
பொய்யில்லை.
இரண்டும் ஒரே சாலையில் ஒரே சமயத்தில் போயிருக்கின்றன.

மீறல் என்றே எழுதினேன்.
எழுதத்தான் வேண்டும்.
நாளை ஒருவன் தூக்கக் கலக்கத்தோடு
சரக்கை நோக்கி ஓட்டிவிட்டு
கொக்கு என்பான்.
பள்ளத்தில் சாய்ந்த வண்டிகளின் படங்களும்
என் மேசைக்குத்தான் வரும்.
காரணக் கட்டத்தில் டெல்மர் தட்டியிருந்த ஒற்றைச் சொல்லை மட்டும்
திருத்தாமல் விட்டேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில்
சிக்னலில் நின்றபோது யோசித்தேன்:
கார் என்னுடையது, பெட்ரோல் என் காசு.
மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது 6127.
இது யாருடைய உபயோகம்?
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

இந்த மார்ச்சில்
காலை ஐந்தரைக்கு
ஆற்றோரச் சரளைத் திடலில் ஏழு புள்ளிகள்.
ஏழும் எங்களுடையவை.
அடுத்த சரக்குகளைப் பார்த்தேன்.
கியர்னியில் நான்கு, அதற்கும் மேற்கே மூன்று.
காப்பி ஆறும்வரை திரையை விட்டு எழவில்லை.

எட்டு மணிக்கு
ஒவ்வொன்றாகத் திரும்பின கிழக்கே,
இருபத்திரண்டு மைல்,
புறப்பட்ட இடத்துக்கே.
கடைசியில் போனது 6127.
ஒரு கோடும் சிவக்கவில்லை.